காயாத மூன்று கோடுகள்

கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து பேசச் சொன்னபோது, என்ன பேசுவது என்று நான் தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. நீங்கள் கேட்கப்போகிற முதல் கேள்வி எனக்குத் தெரியும். பாதரச விளக்கு நல்லதா, எல்இடி நல்லதா? புற ஊதா ஒளியில் மை காயவைக்கும் இயந்திரங்களை விற்றும் நிறுவியும் என் வேலைக்காலம் முழுவதும் போனது. இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளை நான் பார்க்கவில்லை. வாடிக்கையாளர் கேட்பார், வங்கி மேலாளர் கேட்பார். என் சம்பந்தி கூட ஒருமுறை கேட்டார். அவர் வைத்திருப்பது பாத்திரக்கடை. அவருக்கு அது எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எல்லாருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான். எந்த மை, எதன்மேல் அடிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், பிறகு பேசலாம். இந்த மை வெயிலில் துணி காய்வதுபோலக் காய்வதில்லை. ஒளி பட்ட கணத்தில் இறுகிவிடும். ஒளி போதவில்லை என்றால் எத்தனை நாள் வைத்தாலும் கையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டே இருக்கும். பாதரச விளக்கு பலவகை அலைகளையும் கலந்து கொட்டும், அதனால் பெரும்பாலான மைகளை அது சமாளித்துவிடும். ஆனால் பயங்கரச் சூடு. எல்இடி ஒரு குறுகிய அலையை மட்டும்தான் தரும். அந்த அலைக்கென்றே செய்த மை வேண்டும். அந்த மை கிடைத்துவிட்டால் அது சூடில்லாமல், ஸ்விட்சைத் தட்டியதும் வேலை செய்யும். இதெல்லாம் கேட்லாக்கில் இருக்கிறது, நீங்களே படித்துக்கொள்ளலாம். கேட்லாக்கில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் நான் கிழக்குத் தாம்பரம் சிக்னலில் அவ்வளவு நேரம் வெந்துகொண்டு இங்கே வந்திருக்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நடந்தது. மறைமலை நகரில் ஒரு நடுத்தரத் தொழிற்சாலை. கார்களில் வேகம் காட்டும் முள்ளுக்குப் பின்னால் எண்கள் அச்சிட்ட ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு இருக்கும், கவனித்திருப்பீர்கள். அதை அச்சடித்துக் கொடுப்பதுதான் அவர்களுடைய தொழில். பழைய பாதரச விளக்கின் சூட்டில் அந்தத் தகடு ஓரங்களில் நெளிந்துவிடும். நெளிந்ததையெல்லாம் ஒதுக்கி ஒதுக்கிக் கழிவுத்தொட்டி நிறைந்துகொண்டிருந்தது.

அதை மாற்றியே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் பர்வீன். தகடுகளைச் சோதிக்கும் மேசையில் வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, அந்த அச்சு லைனுக்கே பொறுப்பாளராக ஆனவர். எல்இடிக்குப் போகலாம் என்று அவர் சொன்னபோது முதலாளி தயங்கினார். முதலாளியின் மச்சினர் தயங்கக்கூட இல்லை, வேண்டவே வேண்டாம் என்றார். அவருக்கு அந்த லைன்மேல் ரொம்ப நாளாகக் கண். பர்வீன் விடவில்லை. மையை மாற்றி மாற்றிப் பல மாதம் சோதனை செய்தோம். ஒரு மை மேலே காய்ந்து அடியில் ஈரமாக நின்றது. இன்னொன்று அடியில் பிடித்து மேலே ஒட்டியது. கடைசியில் சரியான மை அமைந்தபோது, அந்த அம்மா தகட்டை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இந்தச் சோதனை நடந்த நாளெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றவர் ஏகாம்பரம். அந்த லைனின் மூத்த ஆபரேட்டர், வண்டலூர்ப் பக்கத்து ஆள். பழைய பாதரச விளக்கைத் தன் பிள்ளைபோல வைத்திருந்தவர். புது விளக்கைப் பற்றி அவர் நல்லதாகவும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத ஆபரேட்டரைப் பார்த்தால் எனக்கு எப்போதும் கொஞ்சம் உதறல்தான்.

புது விளக்கைப் பொருத்தினோம். தகடுகள் அருமையாக வந்தன. ஆனால் தகடு வாங்குகிற கார் கம்பெனி, விளக்கை மாற்றியதை நேரில் பார்த்துச் சம்மதம் தந்தால்தான் அதில் அடித்த சரக்கை எடுத்துக்கொள்ளும். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஆலை திறக்கிற அன்றே அவர்களுடைய தர அதிகாரி வருவதாக ஏற்பாடு. முதலாளி பர்வீனிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். அதிகாரி சரி என்றால் சரி. இல்லையென்றால் மறுநாளே பழைய விளக்கு உள்ளே வரும், லைன் மச்சினர் கைக்குப் போகும், பர்வீன் பழைய சோதனை மேசைக்கே திரும்பவேண்டும்.

அன்று காலை பர்வீனிடமிருந்து போன் வந்தது. அவர் பதறுகிற ஆள் இல்லை, அன்றும் பதறவில்லை. குரல் மட்டும் மெலிந்திருந்தது.

"சார், ஷீட் காயல. கையில ஒட்டுது. மத்தியானம் அவங்க வராங்க."

சேலையூரிலிருந்து கிளம்பினேன். ஜிஎஸ்டி சாலையெல்லாம் உடைத்துப்போட்ட பூசணிக்காய்த் துண்டுகள். விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்ததால் வண்டலூரில் எதிர்ப்பக்கம் வண்டிகள் அசையாமல் நின்றன. நான் போகிற பக்கம் காலி. வாழ்நாளில் அன்று ஒருநாள்தான், இந்தப் பக்கமும் கொஞ்சம் நெரிசல் இருக்கக்கூடாதா என்று ஏங்கினேன். அங்கே போய் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தொழிற்சாலை பூஜைக் கோலத்திலேயே இருந்தது. வாசலில் வாடின வாழைக்கன்று, மேலே வண்ணத்தாள் தோரணம், எல்லா இயந்திரத்திலும் சந்தனம், குங்குமம். முதலாளியின் கம்ப்யூட்டருக்கும் பொட்டு, குடிதண்ணீர் இயந்திரத்துக்கும் பொட்டு. முதலாளி என்னைக் கண்டதும் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"சார், உங்க லைட்டு புட்டுக்கிச்சு" என்றார்.

மச்சினர் கையில் ஒளி அளக்கும் மீட்டர் இருந்தது. உள்ளங்கை அளவில் சப்பையான கருவி அது. தகடு போகிற பெல்ட்டில் வைத்தால் விளக்குக்கு அடியில் போய் வெளியே வரும், எவ்வளவு ஒளி பட்டது என்று காட்டும். விளக்கைப் பொருத்திய அன்று நாங்கள் எடுத்த அளவில் பாதிகூட இப்போது இல்லை. புத்தம்புது விளக்கு அதற்குள்ளா வலுவிழந்துவிட்டது? இதே விளக்கை நாங்கள் வேறு ஊர்களிலும் விற்றிருந்தோம்.

ஓரமாக வந்து எங்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். மேலதிகாரி யோசிக்கவே இல்லை. மின்சாரத்தைக் கடைசிவரை ஏற்றிவிடுங்கள், தகடு காய்ந்துவிடும், அதிகாரி பார்த்துவிட்டுப் போகட்டும், அடுத்த வாரம் விளக்கை மாற்றிக் கொடுத்துவிடலாம் என்றார். இன்று அதிகாரி முன்னால் அசிங்கப்படாமல் தப்பித்தால் போதும் என்பது அவர் கணக்கு. அது நடக்கக்கூடிய காரியம்தான். ஒரு குமிழைத் திருகினால் முடிந்தது. அதிகாரியின் கார் தாம்பரத்தைத் தாண்டிவிட்டதாக முதலாளிக்குச் செய்தி வேறு வந்துவிட்டது.

இதுபோன்ற நேரத்தில் உங்களைச் சுற்றி நிற்கிற எல்லாரும் உங்கள் கையைத்தான் பார்ப்பார்கள். கை எதையாவது செய்தாகவேண்டும் என்று தவிக்கும். நான் குமிழுக்கு முன்னால் நின்றேன். பர்வீன் பக்கத்தில் வந்தார்.

"ஏத்தினா பாஸ் ஆயிடுமா சார்?"

"ஆயிடும்மா."

"நாளைக்கும் காயுமா?"

"சொல்ல முடியாது. என்ன கோளாறுன்னே தெரியலயே."

"அப்ப வேணாம் சார். என்னன்னு பாருங்க" என்றார்.

அந்த அறையில் அதிகமாக இழக்கப்போகிறவர் அவர்தான். அவரே வேண்டாம் என்று சொன்னபிறகு எனக்கு எங்கிருந்தோ ஒரு தெம்பு வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதுவரை எனக்கு அது இல்லை.

முதலில் இயந்திரத்தை விட்டுவிட்டுத் தகட்டை எடுத்தேன். எங்கே ஒட்டுகிறது என்று கேட்டால், எல்லாரும் ஒரே குரலில் தகடு முழுக்க என்றார்கள். முழுக்கத் தொட்டுப் பார்த்தவர் யார்? ஒருவரும் இல்லை. ஆளுக்கொரு விரலை நடுவில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மையைக் கரைக்கும் தின்னரில் நனைத்த பஞ்சால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை அழுத்தித் தேய்த்தேன். ஓரத்தில் மை அசையவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு பட்டையாகக் கரைந்து வந்தது. மறுபடி கெட்டி. நடுவில் இன்னும் அகலமாக ஒரு பட்டை. மறுபடி கெட்டி. அந்தப் பக்கமும் ஒரு பட்டை. அடுத்தடுத்து வந்த தகடுகளிலும் அதே இடத்தில், அதே மூன்று கோடுகள்.

மை கெட்டிருந்தால் தகடு முழுக்க ஒட்டும். விளக்கு வலுவிழந்திருந்தாலும் முழுக்கத்தான் ஒட்டும். கோடு கோடாக ஒட்டினால், ஒளிக்கும் தகட்டுக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது, அல்லது அந்த இடத்தில் மட்டும் ஒளியே பிறக்கவில்லை. மீட்டரை வாங்கி ஓரமாக வைத்து அனுப்பினேன். பொருத்திய அன்றைய அளவு அப்படியே வந்தது. மச்சினர் ஒவ்வொரு முறையும் அதைச் சரியாக நடுவில் வைத்தே அனுப்பியிருக்கிறார். கருவி பொய் சொல்லவில்லை, வைத்த இடத்தைப் பற்றி மட்டும் சொன்னது. நீங்கள் மீட்டரை நம்புங்கள், ஆனால் எங்கே வைத்தேன் என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதி உயிர் வந்தது. மீதி வரவில்லை. விளக்குக்குள் வரிசையாக இருக்கிற குட்டி எல்இடிகள் மூன்று இடத்தில் செத்திருந்தால் அது எங்கள் கம்பெனித் தலையில்தான் விடியும். ஆனாலும் ஒரு சந்தேகம். அளந்து வைத்த மாதிரி சம இடைவெளி விட்டுச் சாகிற எல்இடியை நான் பார்த்ததில்லை.

அந்த விளக்கின் கண்ணாடி முகம் கீழே பெல்ட்டைப் பார்த்து இருக்கும். குனிந்தாலும் தெரியாது, எரியும்போது குனியவும் கூடாது. மின்சாரத்தை அணைத்துப் பூட்டிவிட்டு, என் போனின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, பெல்ட்டின்மேல் வைத்து உள்ளே தள்ளிப் படம் எடுத்தேன். வெளியே இழுத்துப் பார்த்தால், கண்ணாடியில் மூன்று சந்தனப் பொட்டுகள். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குப் பெரிதாக ஒன்று, அதன்மேல் குங்குமம். அவ்வளவு அழகாக, வரிசை பிசகாமல் வைத்திருந்தார்கள். அடியில் தகடு நகர நகர ஒவ்வொரு பொட்டின் நிழலும் ஒரு கோடாகியிருக்கிறது.

போன் கைமாறிக் கைமாறிப் போனது. மச்சினர்தான் முதலில் வாயைத் திறந்தார். ஏகாம்பரத்துக்கு இந்த விளக்கு பிடிக்காது என்று தனக்கு அப்போதே தெரியும், வேண்டுமென்றே செய்திருக்கிறான் என்றார். அப்படித்தான் என்றால் இன்றோடு அவன் கணக்கை முடித்துவிடுகிறேன் என்று முதலாளி ஆளனுப்பினார்.

ஏகாம்பரம் வந்தார். படத்தைக் காட்டியதும் அவர் முகத்தில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. குழப்பம்தான் இருந்தது. பூஜைக்கு முன்தினம் பெல்ட்டைத் துடைப்பதற்காக விளக்கைக் கழற்றியிருக்கிறார்கள். கழற்றினதையெல்லாம் கழுவித் துடைத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பொட்டு வைப்பது அங்கே வழக்கம். பர்வீன் அன்று மை வாங்குவதற்காகக் கிண்டிக்குப் போயிருந்தார். அவர் பூஜைக்கு வந்தபோது எல்லாம் திரும்பப் பொருத்தியாகிவிட்டது. மற்ற இயந்திரத்துக்கெல்லாம் ஒரு பொட்டு, இதற்கு மட்டும் ஏன் மூன்று, அதுவும் கண்ணாடியில் என்று முதலாளி அதட்டினார்.

"இன்னா சார் இப்டி கேக்கற? மத்ததெல்லாம் ரொம்ப நாளா நம்மகூட கீது. இது புச்சா வூட்டுக்கு வந்த மருமவ மாதிரி. மொத தபா பூஜ. மூஞ்சில வெக்காம முதுவுலயா வெப்பாங்க?"

பர்வீன் சிரித்துவிட்டார். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்த முடியாமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். இத்தனை மாதமும் அந்த விளக்கை ஏகாம்பரம் எப்போது ஏற்றுக்கொள்வார் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர் அவர். அது எப்போதோ நடந்துவிட்டிருக்கிறது, அவருக்குத்தான் தெரியவில்லை. எனக்கும்தான்.

பழைய விளக்குக்கும் ஏகாம்பரம் ஒவ்வொரு வருஷமும் மூடியின் உட்பக்கத்தில் பொட்டு வைத்துத்தான் வந்திருக்கிறார். அந்தச் சூட்டில் அது சீக்கிரமே கருகி உதிர்ந்துவிடும். பட்டறையெல்லாம் சந்தன வாசனை வரும், நல்ல சகுனம் என்று சந்தோஷப்படுவார்களாம். எல்இடி சுடவே சுடாது என்று மேடை போட்டு விற்றவன் நான். அந்தச் சூடில்லாத முகத்தில் பொட்டு வைத்தது வைத்தபடியே இருந்தது. பிள்ளைகளே, விளக்கை மாற்றும்போது அலையைப் பார்க்கிறோம், மையைப் பார்க்கிறோம். பழைய விளக்கு இத்தனை வருஷம் சத்தமில்லாமல் எதையெல்லாம் பொறுத்துக்கொண்டது என்று யாரும் பார்ப்பதில்லை. புதியதை விற்கப் போகிறவர்கள் அதையும் விசாரியுங்கள். அங்கே வேலை செய்கிறவர்களோடு உட்கார்ந்து டீ குடித்தால்தான் அது தெரியும்.

பர்வீன் விளக்கைக் கழற்றி, மெல்லிய துணியில் ஸ்பிரிட் நனைத்து, கண்ணாடியைத் தானே துடைத்தார். துணி மஞ்சளாகவும் சிவப்பாகவும் ஆனது. மறுபடி பொருத்தி இரண்டு தகடு ஓட்டினோம். பஞ்சால் ஓரத்திலிருந்து ஓரம்வரை தேய்த்தேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அந்தப் பஞ்சைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன், ஏன் என்று கேட்காதீர்கள்.

தலையை நிமிர்த்தினால் தர அதிகாரி வாசலில் நிற்கிறார். எப்போது வந்தார், எவ்வளவு பார்த்தார் என்று தெரியாது. ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். அவர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய சரக்குகளைப் பற்றி மறைமலை நகரில் எல்லாருக்கும் ஒரு கதை தெரியும். பர்வீன் கையில் அந்தத் துணி இருந்தது. மறைத்துக்கொள்ளும்படி முதலாளி கண்ணால் ஜாடை காட்டினார். சின்ன தூசி, துடைத்துவிட்டோம் என்று அவரே பேச்சை முடிக்கவும் பார்த்தார்.

அதிகாரி பர்வீனைப் பார்த்து, என்ன தூசி என்று கேட்டார்.

"சந்தனம் சார்" என்றார் பர்வீன். துணியை விரித்துக் காட்டினார். காலையிலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். ஒட்டின தகடுகளை எடுத்து மேசையில் வைத்தார். முதலாளி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

யார் வைத்தது என்று அதிகாரி கேட்டார். ஏகாம்பரம் ஒரு அடி முன்னால் வந்தார். அதற்குள் பர்வீன், "என் லைன் சார். நான் இல்லாதப்ப கழட்டக்கூடாதுன்னு நான் சொல்லி வச்சிருக்கணும்" என்றார்.

"இனிமே பூஜைய நிறுத்திடுவீங்களா?"

"இல்ல சார். பொட்டு வைக்கிற இடத்தத்தான் மாத்துறோம். அப்புறம், மீட்டர நடுவுல மட்டும் வைக்காம மூணு இடத்துல வச்சுப் பாக்கப்போறோம்."

அதிகாரி தானே புதிதாக மை அடித்த தகடுகளை எடுத்து பெல்ட்டில் வைத்தார். வெளியே வந்ததும் தேய்த்தார், கீறினார், வளைத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெளிவு இருக்கிறதா என்று மேசையில் படுக்கவைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

தகட்டை வைத்துவிட்டு, ஏதோ நினைவு வந்ததுபோல அப்படியே நின்றார். பிறகு போனை எடுத்துக்கொண்டு இரண்டு அடி தள்ளிப் போனார். தன்னுடைய ஆலையைத்தான் கூப்பிட்டார்.

"பூஜைக்கு அந்த ரோபோவுக்கெல்லாம் பொட்டு வெச்சீங்கல்ல? அதுல இருக்கிற கேமராவுக்கு எங்கப்பா வெச்சீங்க? கண்ணாடியிலயா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. அவர் முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"போய்ப் பாத்துட்டு வா. நான் லைன்லயே இருக்கேன்" என்றார். போனைக் கையால் பொத்திக்கொண்டு பர்வீன் பக்கம் திரும்பினார்.

"உங்களுது சரியா இருக்கு. நீங்க ஓட்டுங்க."

பர்வீன் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.